மூன்றாம் பக்கத்தில் நின்றுபோகும் கதைகள் குறித்து

வணக்கம். பாளையங்கோட்டையில் கடை வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு எழுத அமர்வதாகவும், தொடங்கிய ஆறு கதைகளும் மூன்றாம் பக்கத்தைத் தாண்டவில்லை என்றும், முப்பத்தைந்து வயதுக்குமேல் எழுத்து கைகூடுமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

வயது ஒரு தடையே அன்று. இடைசெவல் விவசாயியான கி. ராஜநாராயணனின் முதல் சிறுகதை, அவர் முப்பதைக் கடந்த பிறகு, 1958இல்தான் அச்சேறியது. 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

மாற்ற வேண்டியது பழக்கத்தைத்தான். முக்கூடலில் பீடி சுற்றிய என் தாயார், மறுநாளைக்கான இலையை இரவிலேயே நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்துவிடுவார். உடம்புக்கு முடியாத நாளிலும், காலையில் சுளகை மடியில் வைத்ததும் விரல்கள் தாமாக ஓடத் தொடங்கிவிடும். நான் இருபது ஆண்டுகளாக எழுதுவது அந்த முறையில்தான். எழுந்திருக்கும் முன் அடுத்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி வைக்கிறேன். மறுநாள் அதை முடிப்பதற்காகவே பேனாவை எடுத்துவிடுகிறேன்.

அசந்துபோன இரவை விட்டுவிட்டு, கடைக்குக் கிளம்புமுன் அரைமணி நேரம் தினமும் எழுதுங்கள். கதை முடியும்வரை முதல் பக்கத்தைத் திருத்த வேண்டாம். பெரும்பாலான கதைகள் அந்தத் திருத்தத்திலேயே மடிகின்றன. ஏழாவதைத் தொடங்காமல், ஆறில் ஒன்றை முடித்து எனக்கு அனுப்புங்கள். வரிவரியாக வாசித்துச் சொல்கிறேன்.