காணியை இப்போதே விற்க வேண்டாம்

அன்புள்ள அக்கா,

உங்கள் கட்டுரைகளை டோஹாவில் இருந்து வாசிக்கிறேன். எங்கள் வீடு நிலாவெளிப் பக்கம். தங்கச்சி உயிரியல் பிரிவில் மூன்றாவது தரமும் ஏ.எல். எடுத்தாள். ஒரு பி, இரண்டு சி. பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கிற இசற் புள்ளி மருத்துவ பீடத்துக்குக் காணாது. சின்ன வயதில் இருந்தே டொக்டராக வேண்டும் என்று சொல்லி வளர்ந்த பிள்ளை. கொழும்பில் ஒரு ஏஜென்சி ஜோர்ஜியாவில் இடம் எடுத்துத் தருவதாகச் சொல்கிறது. வருடம் 5,000 டொலர், ஆறு வருடம், மொத்தம் 30,000 டொலர். டபிள்யூ.எச்.ஓ. அங்கீகாரம் உள்ள பல்கலைக்கழகமாம். மாத முடிவுக்குள் முற்பணம் கட்டினால்தான் இடம் நிற்கும் என்கிறார்கள். அம்மாவின் சீதனக் காணியை விற்கலாம் என்று வீட்டில் முடிவு, நானும் மாதம் கொஞ்சம் அனுப்புவேன். ஒரு சொந்தக்காரர் பங்களாதேஷ்தான் நல்லது என்கிறார், இன்னொருவர் சீனா மலிவு என்கிறார். உங்கள் அக்காவின் மகன் சீனாவில் படித்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். எந்த நாட்டுக்கு அனுப்பலாம் என்று சொல்வீர்களா? பெயரைப் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

மாத முடிவு கிட்ட வருகிறது, அதனால் கடிதம் கிடைத்த அன்றே எழுதுகிறேன். முற்பணம் கட்ட வேண்டாம். காணிக்கு ஆள் பார்ப்பதையும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். இந்த வருடம் தவறினாலும் வெளிநாட்டுப் பிள்ளைகளை எடுக்கிற பல்கலைக்கழகங்கள் அடுத்த வருடமும் இருக்கும், வெளிநாட்டு மாணவர் கட்டும் காசு அவர்களுக்கும் தேவை.

மூன்று தரம் எழுதியாயிற்று என்றால் இனி இன்னொரு தரம் எழுதி இங்கே அரச பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்ட அடிப்படையில் 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலும் 5 வீதம் என்று இடங்களைப் பிரிக்கிறார்கள். திருகோணமலை அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலிலும் இருக்கிறது. அப்படி இருந்தும் எத்தனை பிள்ளைகளுக்கு நூலிழையில் தவறிப் போகிறது. வீட்டில் யாராவது அவளைக் கெட்டித்தனம் காணாது என்று சொல்லியிருந்தால் தயவுசெய்து அதை நிறுத்தச் சொல்லுங்கள். மூன்று வருடம் விடியக்காலையில் ரியூசனுக்கு ஓடிய பிள்ளை அவள்.

சரி, எந்த நாடு என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் வேறொன்றை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். படித்து முடித்து அவள் எங்கே வேலை செய்யப் போகிறாள்? இதை யாரும் முதலில் கேட்பதில்லை, எங்கள் வீட்டிலும் கேட்கவில்லை. சீனாவா, ரஷ்யாவா, எது மலிவு, எங்கே சோறு கிடைக்கும், எங்கே குளிர் குறைவு என்று ஒரு மாதம் கதைத்தோம். பட்டத்தோடு அவன் எங்கே வந்து நிற்கப் போகிறான் என்று ஒரு நாள்கூடக் கதைக்கவில்லை.

இலங்கைக்குத் திரும்பி வருவதென்றால் வெளிநாட்டுப் பட்டம் மட்டும் போதாது. இலங்கை மருத்துவ சபை நடத்தும் ஈ.ஆர்.பி.எம். பரீட்சையில் சித்தியடைய வேண்டும், பழைய ஆட்கள் இன்னும் ஆக்ட் 16 என்று சொல்வார்களே, அதுதான். மருத்துவம், சத்திரசிகிச்சை, குழந்தை மருத்துவம், மகப்பேறு என்று எல்லாம் வரும், எழுத்தோடு முடியாது, நோயாளியைப் பரிசோதித்துக் காட்ட வேண்டிய பகுதியும் உண்டு. அதில் தேறின பிறகு உள்ளகப் பயிற்சி ஒரு வருடம், அதற்குப் பிறகுதான் முழுப் பதிவு. இந்தப் பரீட்சையில் உட்காருவதற்கே அவள் படித்த பல்கலைக்கழகத்தைச் சபை ஏற்றிருக்க வேண்டும். ஏற்றுக்கொண்ட பல்கலைக்கழகங்களின் பட்டியல் சபையின் இணையத்தளத்தில் இருக்கிறது. ஏஜென்சி சொன்ன பெயரை எழுத்துக்கு எழுத்து அதில் தேடிப் பாருங்கள், ஒரே நகரத்தில் ஒரே மாதிரிப் பெயரோடு இரண்டு மூன்று பல்கலைக்கழகங்கள் இருக்கும். ஏ.எல். பெறுபேற்றுக்கும் சபை ஒரு விதி வைத்திருக்கிறது, அதையும் பார்க்க வேண்டும். இரண்டையும் கடிதமாக எழுதிச் சபையிடமே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். தொலைபேசியில் யாரோ ஓம் என்று சொன்னதை ஆறு வருடம் கழித்துக் காட்ட முடியாது.

டபிள்யூ.எச்.ஓ. அங்கீகாரம் என்று ஒன்று கிடையாது, தம்பி. உலக சுகாதார நிறுவனம் எந்த மருத்துவக் கல்லூரிக்கும் அங்கீகாரம் கொடுப்பதில்லை. உலக மருத்துவக் கல்லூரிகளின் விபரக்கொத்து ஒன்று இணையத்தில் இருக்கிறது, ஏஜென்சிகள் அதில் பெயர் இருப்பதைக் காட்டி அங்கீகாரம் என்பார்கள். அப்படி ஒரு கல்லூரி இருக்கிறது என்பதற்குத்தான் அது சாட்சி, அங்கே எப்படிப் படிப்பிக்கிறார்கள் என்பதற்கு இல்லை. உங்களிடம் அந்தச் சொல்லைச் சொன்னவர் தெரியாமல் சொன்னாரோ தெரிந்து சொன்னாரோ, அவர் சொன்ன மற்ற எல்லாவற்றையும் இன்னொரு தரம் விசாரிப்பதற்கு அந்த ஒரு சொல்லே போதும்.

வேறு நாட்டில் வேலை செய்யும் எண்ணம் என்றால் கணக்கு வேறு. இங்கிலாந்து என்றால் பிளாப், அமெரிக்கா என்றால் யு.எஸ்.எம்.எல்.இ., ஒவ்வொன்றுக்கும் தனிப் பரீட்சை, தனிச் செலவு.

எந்த மொழியில் படிப்பிக்கிறார்கள் என்று ஏஜென்சியில் கேட்டால் ஆங்கிலம் என்பார்கள், அது பொய் இல்லை. வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கும், ஆனால் வார்ட்டில் படுத்திருக்கிற நோயாளி ஆங்கிலம் பேச மாட்டார். அக்காவின் மகன் சொன்ன ஒரு நாளை என்னால் மறக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவி கட்டிலில் கிடக்கிறார், இவர்கள் பன்னிரண்டு பேர் வெள்ளைக் கோட்டோடு சுற்றி நிற்கிறார்கள், வைத்தியர் அவரோடு சீனத்தில் ஐந்து நிமிடம் கதைத்துவிட்டு இவர்களிடம் ஆங்கிலத்தில் இரண்டு வசனம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். கிழவி இவனுடைய கையைப் பிடித்து ஏதோ கேட்டாராம். எங்கே நோகிறது, எப்போதிருந்து என்று கேட்கவாவது சொற்கள் இருந்தன, அவர் திரும்பக் கேட்டதற்குப் பதில் சொல்ல ஒரு சொல்லும் இல்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன் சின்னம்மா என்றான். ஜோர்ஜியாவில் என்றால் ஜோர்ஜிய மொழி, அதற்கு எழுத்தே தனி. போகிற பிள்ளை முதல் வருடத்தில் இருந்தே அந்த மொழியைப் பாடமாக எடுத்துப் படிக்க வேண்டும், படிக்கத் தயாரா என்று அவளைக் கேட்க வேண்டும்.

பங்களாதேஷைச் சொன்ன சொந்தக்காரரின் பேச்சில் நியாயம் இருக்கிறது. அங்கே ஐந்து வருடம், பிறகு ஒரு வருடப் பயிற்சி. மொழி அங்கும் வேறுதான், ஆனால் வார்ட்டில் அவள் பார்க்கப் போவது டெங்கு, தைபோயிட்டு, பாம்புக்கடி, நம்முடைய ஆஸ்பத்திரிக்கு வருகிற அதே நோய்கள். திருகோணமலை வைத்தியசாலையில் மழைக்காலத்தில் ஒரு நாள் நின்று பார்த்தால் நான் சொல்வது விளங்கும். அரசாங்க மருத்துவக் கல்லூரிகளில் சார்க் நாட்டு மாணவர்களுக்கு ஒதுக்கிய இடங்களும் அங்கே உண்டு. போட்டி கடுமை, இவளுடைய பெறுபேற்றுக்குக் கிடைப்பது கஷ்டம் என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் அறிவித்தல் வரும்போது விண்ணப்பம் போட்டுவிடுங்கள். தனியார் கல்லூரிகள் மலிவு இல்லை, தொடக்கத்திலேயே பெரிய தொகை கேட்பார்கள். தமிழ்நாட்டை நினைத்தீர்களோ தெரியாது, மொழிக்கு அதைவிட வசதி எங்கும் இல்லை, ஆனால் இந்தியாவில் எம்.பி.பி.எஸ். சேர வெளிநாட்டுப் பிள்ளையும் நீட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். புலமைப்பரிசில் மருத்துவத்துக்குக் கிடைக்காது.

இனிக் காசு. ஏஜென்சி சொன்ன 30,000 டொலர் கல்விக் கட்டணம் மட்டும். டொலரை 300 ரூபாய் என்று வைத்தால் 90 இலட்சம். அங்கே இருக்க, சாப்பிட, மாதம் 300 டொலர் என்று குறைத்தே போட்டாலும் ஆறு வருடத்துக்கு 21,600 டொலர். இரண்டும் சேர்ந்தால் 51,600 டொலர், ஒரு கோடியே 54 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாய். விமானச் சீட்டு, விசா, காப்புறுதி இதில் இல்லை. திரும்பி வந்து ஈ.ஆர்.பி.எம்முக்கு அவள் கொழும்பில் அறை எடுத்துப் படிக்கிற காலமும் இதில் இல்லை. அக்காவின் மகன் 2017 செப்டெம்பரில் கட்டுநாயக்காவில் விமானம் ஏறினான், பரீட்சையில் முதல் தரம் தவறி இரண்டாம் தரம் தேறி, உள்ளகப் பயிற்சியில் முதல் சம்பளம் எடுத்தது 2025இல்.

அக்காவிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. மகனுக்கு அனுப்பிய ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் அன்றைய டொலர் விலையைச் சிவப்புப் பேனையால் எழுதி வைத்திருக்கிறார். 2017இல் 153. 2019இல் 180. 2021இல் 200. 2022 மே மாதத்தில் 360, அதன் கீழே இரண்டு கோடு. அவனுடைய கட்டணம் வருடம் 4,000 டொலர், முதல் வருடம் ஆறு இலட்சத்துச் சொச்சமாக இருந்தது கடைசி வருடம் பதினாலு இலட்சத்து நாற்பதாயிரம். அவன் போகிறபோதே காணியை விற்று முழுக் காசையும் நிலையான வைப்பில் போட்டிருந்தார்கள். வட்டி வந்தது, ஆனால் டொலர் வட்டியைவிட வேகமாக ஓடியது. அந்த மே மாதம் ஊரெல்லாம் பெற்றோல் வரிசை, அக்கா உப்புவெளியில் இருந்து ரவுனுக்குச் சைக்கிள் மிதித்துப் போனார், வைப்புச் சான்றிதழைப் பொலித்தீன் பைக்குள் போட்டு ஹாண்டில்பாரில் கொழுவிக்கொண்டு. வங்கியில் டொலர் இல்லை என்று மூன்று தரம் திருப்பி அனுப்பினார்கள். நாலாம் தரம்தான் காசு போனது. இத்தனைக்கும் 2020 தொடக்கத்தில் லீவுக்கு வந்தவன் சீனா எல்லையைப் பூட்டியதால் இரண்டரை வருடத்துக்கு மேல் வீட்டில் இருந்து திரையில்தான் படித்தான், அந்தக் காலத்துக்கும் கட்டணம் கட்டினோம். அதே 2022 பெப்ரவரியில் உக்ரேனில் படித்த பிள்ளைகள் புத்தகத்தையும் விட்டுவிட்டு எல்லை கடந்து ஓடியதையும் பார்த்தோம்.

இதனால்தான் காணியை இப்போதே விற்க வேண்டாம் என்கிறேன். உங்களிடம் எங்களிடம் இல்லாத ஒரு பலம் இருக்கிறது. உங்கள் சம்பளம் ரியாலில் வருகிறது, கட்டார் ரியாலை டொலருக்கு 3.64 என்று கட்டி வைத்திருக்கிறார்கள், ரூபாய் விழுந்தாலும் உங்கள் ரியாலுக்கு வாங்கும் டொலர் மாறாது. வருடக் கட்டணம் 5,000 டொலர் என்றால் 18,200 ரியால். அதை வீட்டுக்கு அனுப்பி ரூபாயாக்கித் திரும்ப டொலராக்க வேண்டாம், டோஹாவில் உள்ள வங்கியில் இருந்து நேரே பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு உங்கள் பெயரில் அனுப்புங்கள், பற்றுச்சீட்டு ஒவ்வொன்றையும் வையுங்கள். ஏஜென்சிக்காரரின் சொந்தக் கணக்குக்கு ஒரு டொலரும் போடக் கூடாது, வங்கி இல்லாமல் ஆள் மூலம் காசு அனுப்புகிற உண்டியலும் வேண்டாம். ஏஜென்சிக்குக் கொடுப்பது அவர்களுடைய வேலைக்கான கட்டணம் மட்டும், அதுவும் ரசீதோடு. முதல் நாலு வருடத்தை உங்கள் சம்பளத்தால் தாங்க முடியுமா என்று உட்கார்ந்து பாருங்கள். முடியாது என்றால் இந்த அளவு செலவுள்ள இடம் உங்களுக்கு ஒத்துவராது, காணியை விற்றாலும் ஒத்துவராது.

காணி கடைசி இரண்டு வருடத்துக்கும் அதற்குப் பிறகு வருகிற பரீட்சைக் காலத்துக்கும் இருக்கட்டும். முதல் வருடம் எல்லோரும் உதவுவார்கள், மாமா ஒரு இலட்சம் தருவார், சித்தி காப்பைக் கழற்றித் தருவார். ஐந்தாம் வருடம் கேட்டால் இன்னும் முடியவில்லையா என்பார்கள். உங்கள் ஒப்பந்தமும் அதற்குள் முடியலாம், உங்களுக்குக் கலியாணமும் வரலாம். அப்போது கையில் ஒன்றும் இல்லாமல் பிள்ளை பாதியில் திரும்பி வந்தால் அவளுக்குப் பட்டமும் இல்லை, அம்மாவுக்குக் காணியும் இல்லை. விற்கிற நாள் வந்தால் விற்றவுடன் அந்தக் காசை அந்த வருடச் செலவுக்கே பயன்படுத்துங்கள், ரூபாயாக வருடக்கணக்கில் வங்கியில் கிடக்க விடாதீர்கள். காணி உறுதியில் அம்மாவின் பெயர்தானே இருக்கிறது, அம்மா மனதார ஓம் என்கிறாரா என்று தனியாக ஒரு தரம் கேளுங்கள்.

அப்புறம் ஒன்று. உங்கள் கடிதத்தில் ஏஜென்சி பேசுகிறது, இரண்டு சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள், நீங்கள் பேசுகிறீர்கள். தங்கச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. சின்ன வயதில் டொக்டராக வேண்டும் என்று சொன்னாள் என்கிறீர்கள், அது சரி, இப்போது என்ன சொல்கிறாள்? எட்டு வருடம், தெரியாத மொழி, வந்த பிறகும் ஒரு கடும் பரீட்சை, சிங்களமும் கதைக்கத் தெரிய வேண்டிய உள்ளகப் பயிற்சி, இதெல்லாம் அவளுக்குத் தெரியுமா? தெரிந்தும் போகிறேன் என்றால் நான் முழு மனதோடு போ என்பேன், அப்படிப் போன பிள்ளைகள் நல்ல வைத்தியர்களாக நம்முடைய ஆஸ்பத்திரிகளில் நிற்கிறார்கள். மருத்துவ சபைக்கு எழுதுகிற கடிதத்தை அவளே எழுதட்டும், பட்டியலையும் அவளே தேடட்டும்.

அக்காவின் மகன் அடுத்த மாதம் நடுப்பகுதியில் நாலு நாள் லீவில் வீட்டுக்கு வருகிறான். தங்கச்சியையும் அம்மாவையும் உப்புவெளிக்கு வரச் சொல்லுங்கள், ஞாயிறு பின்னேரம் என்றால் எல்லோரும் இருப்போம். ஏஜென்சி தந்த கடிதத்தையும் சபையிடம் இருந்து பதில் வந்திருந்தால் அதையும் கொண்டு வரட்டும். அக்காவிடம் கொப்பியை எடுத்து வைக்கச் சொல்கிறேன். நீங்கள் டோஹாவில் இருந்து வீடியோவில் வாருங்கள், அங்கே வேலை முடிகிற நேரத்தை மட்டும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா