சைகோனில் ஆறு மாத வேலை: ஸ்கூட்டர் எடுக்கலாமா?

கேள்வி: ஆறு மாத வேலையாக வியட்நாமின் ஹோ சி மின் சிட்டிக்கு (பழைய பெயர் சைகோன்) போகிறேன். அலுவலகம் ஹைடெக் பார்க்கில். கோவையில் பல வருடமாக பைக் ஓட்டுகிறேன், சர்வதேச ஓட்டுநர் உரிமமும் வாங்கிவிட்டேன். அங்கே ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கட்டுமா, மெட்ரோவை நம்பலாமா?

பதில்: ஸ்கூட்டர் இப்போதைக்கு வேண்டாம். போக்குவரத்து நெரிசலைவிட உங்கள் உரிமம்தான் பெரிய சிக்கல். இந்தியாவில் தரும் சர்வதேச உரிமம் 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியானது. வியட்நாம் ஏற்பதோ 1968 வியன்னா ஒப்பந்தப்படி தரப்பட்டதை. ஆகவே உங்களுடையது அங்கே செல்லாது. வாடகைக் கடையில் பெரும்பாலும் அதையெல்லாம் கேட்க மாட்டார்கள், முன்பணம் வாங்கிக்கொண்டு சாவியைத் தந்துவிடுவார்கள். விபத்து நடந்தால்தான் வினை: செல்லாத உரிமத்தோடு ஓட்டியவருக்குக் காப்பீட்டு நிறுவனம் மருத்துவச் செலவைத் தர மறுக்கும். மூன்று மாதத்துக்குக் குறையாத விசா அல்லது வசிப்பு அட்டை இருந்தால், இந்திய உரிமத்தை மொழிபெயர்த்துச் சான்றொப்பம் பெற்று உள்ளூர் உரிமமாக மாற்றிக்கொள்ளலாம். இந்திய உரிமத்தில் இருசக்கர வாகனப் பிரிவு இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

மாற்றிய பிறகு ஓட்டுவதானால், அங்கே வலப்பக்கப் போக்குவரத்து. நம் ஊர் ‘ஃப்ரீ லெஃப்ட்’ பழக்கத்தில் சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பிவிடாதீர்கள். அனுமதிப் பலகையோ பச்சை அம்புக்குறியோ இல்லாத இடத்தில் அது சிக்னல் மீறல். 2025 முதல் அதற்கு அபராதம் 40 முதல் 60 லட்சம் டாங், நம் பணத்தில் குறைந்தது பதின்மூன்றாயிரம் ரூபாய். ஒரு பீர் குடித்துவிட்டும் ஓட்டக்கூடாது, மதுவின் அனுமதி அளவு பூஜ்யம்.

உங்கள் அதிர்ஷ்டம், அலுவலகம் மெட்ரோ முதல் தடத்திலேயே இருக்கிறது. 2024 டிசம்பர் 22-ல் திறந்த இந்தத் தடம் பென் தான் சந்தையிலிருந்து சுவோய் தியென் வரை 19.7 கி.மீ., 14 நிலையங்கள். கடைசிவரை போக அரை மணி நேரம். தொலைவுக்கேற்ப 7,000 முதல் 20,000 டாங், மாதப் பாஸ் 3 லட்சம். ஹைடெக் பார்க் பெயரிலேயே நிலையம் உண்டு. ஆனால் பார்க் மிகப் பெரியது, நிலையமோ நெடுஞ்சாலை ஓரத்தில். உங்கள் கட்டடத்துக்கு நிறுவன வேன் வருமா என்று கேட்டுவிட்டு வீடு பாருங்கள். தாவோ தியென், ஆன் ஃபூ நிலையங்களிலிருந்து நடக்கும் தூரத்தில் வீடு கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

மீதித் தூரத்துக்கு பைக் டாக்ஸி: கிராப், பீ, ஸான் எஸ்எம் ஆப்களில் பிடிக்கலாம். ஏறுமுன் நம்பர் பிளேட்டை ஆப்போடு ஒப்பிடுங்கள். ஒரே நிற ஜாக்கெட்டில் பத்துப் பேர் நிற்பார்கள். ஹெல்மெட் கட்டாயம், வாரை இறுக்கிக்கொள்ளுங்கள். இறங்கும்போது கவனம்: அங்கே நடைபாதை வலப்பக்கம், சைலன்சரும் வலப்பக்கம். கால் பழக்கமில்லாமல் அந்தப் பக்கம் இறங்கினால் கெண்டைக்கால் சுட்டுவிடும். பின்னால் வண்டி வருகிறதா பார்த்து இடப்பக்கம் இறங்குங்கள். 20,000 நோட்டும் 5 லட்சம் நோட்டும் நீலம்தான், வெளிச்சத்தில் எண்ணிக் கொடுங்கள்.

முகவரியில் 45/12/3 என்றிருந்தால், 45-ஆம் எண் சந்துக்குள் 12-ஆம் கிளைச் சந்தில் 3-ஆம் வீடு. கார் பெரும்பாலும் உள்ளே வராது; கார் பிடித்தால் சந்து முனையையே இறங்குமிடமாகப் போடுங்கள். 2025 ஜூலையில் மாவட்டங்கள் ஒழிக்கப்பட்டாலும் மக்கள் வாயில் இன்னும் ‘குவான் 1’ (1-ஆம் மாவட்டம்) தான்.

சாலையைக் கடக்க முதலில் இடப்பக்கம் பாருங்கள். ஒரே சீரான மெதுநடையில் போங்கள். பைக்குகள் உங்கள் வேகத்தைக் கணித்து விலகும். திடீரென நின்றாலோ பின்வாங்கினாலோ அந்தக் கணிப்பு கெட்டுவிடும். கார், பஸ்ஸுக்கு இது பொருந்தாது, அவை போகட்டும். கையில் செல்போனோடு சாலை ஓரம் நிற்காதீர்கள், பைக்கில் வந்தே பறிப்பார்கள்.

மே முதல் நவம்பர் வரை மழை, மாலையில்தான் கொட்டும். அப்போது ஆப்பில் கட்டணம் ஏறும், வண்டியும் கிடைக்காது. அரை மணி மெட்ரோ நிலையத்திலேயே காத்திருங்கள். பிற்பாடு சொந்தமாக ஓட்டி, தேங்கிய நீரில் வண்டி நின்றுபோனால் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் நீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளிக்கொண்டு மேடான இடத்துக்குப் போய், மெக்கானிக்கிடம் ஏர் ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிக் காயவைக்கச் சொல்லுங்கள்.