தகரப் பெட்டிக்குள் ஒரு குரல்: கசெட் டெக் பற்றிய கேள்வி – பதில்

வீட்டிலுள்ள கசெட் டெக்கை, அதாவது ஒலிநாடாக் கசெட்டைப் போட்டுக் கேட்கவும் பதியவும் உதவும் இயந்திரத்தை, ஆபத்தில்லாமல் பயன்படுத்துவது பற்றியும் பழுதடையாமல் பேணுவது பற்றியும் மலையக வாசகர்கள் எழுதிய கடிதங்களில் ஈரமும் பனியும் அடுப்புப் புகையும் ஏதேனும் ஒரு வகையில் இடம்பெற்றிருந்தன. இம்முறை அக்கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் அப்பா மாசி மாதக் காமன் கூத்தில் பாடியதை 1980களில் எங்கள் தோட்டத்து ஆள் ஒருவர் சிறிய ரெக்கார்டரில் பதிவுசெய்து கொடுத்தார். அப்பா இப்போது இல்லை. அந்த இரண்டு கசெட்டுகளும் இத்தனை காலம் லயக் காம்பராவில், தகரப் பெட்டிக்குள், துணிகளுக்கு அடியில் கிடந்தன. தம்பி பழைய டெக் ஒன்றை வாங்கி வந்திருக்கிறான். கசெட்டின் கண்ணாடி வழியே பார்த்தால் நாடாவின் மேல் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. அடுப்புக்கு மேலே இரண்டு நாள் காயவைத்துவிட்டுப் போட்டுக் கேட்கலாமா? (வாசகி, தலவாக்கலை)

பதில்: சகோதரி, அந்தக் கசெட்டுகளை இப்போதைக்கு எந்த இயந்திரத்திலும் போட வேண்டாம், அடுப்புக்கு மேலேயும் வெயிலிலும் வைக்க வேண்டாம். நீங்கள் பார்த்த வெள்ளைப் பொடி பூஞ்சணம். காற்றில் ஈரப்பதம் நீண்ட காலம் உயர்ந்தே இருக்கும் இடத்தில் அது நாடாவின் ஓரங்களில் பிடித்துக்கொண்டு, காந்தத் துகள்களை நாடாவோடு ஒட்டவைத்திருக்கும் பசையைத் தின்று வளர்கிறது. அப்படியே டெக்கில் ஓடவிட்டால், ஒட்டிக்கொண்ட சுற்றுகள் பிரியாமல் நாடா அறுந்து போகலாம். அதோடு, உதிரும் பூஞ்சண வித்துகள், நாடாவை உரசி ஒலியை எடுக்கும் பாகமான ஹெட்டிலும் உருளைகளிலும் தங்கி, அடுத்துப் போடும் நல்ல கசெட்டுக்கும் தொற்றிவிடும். அடுப்பின் சூட்டில் கசெட்டின் பிளாஸ்டிக் கூடு வளைந்துவிடும், நாடாவும் நெளியும்; பூஞ்சணத்திடமிருந்து தப்பியதைச் சூடு அழித்துவிடும். பூச்சி உருண்டையும் பெட்டிக்குள் வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளகச் செய்கிறது.

முதலில் கசெட்டுகளை மெதுவாகக் காயவையுங்கள். மூடி இறுகப் பொருந்தும் ஒரு டப்பாவில், சப்பாத்துப் பெட்டிகளிலும் மருந்துப் போத்தல்களிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைக் கணிசமாகப் போட்டு, கசெட்டுகளை அவற்றின் உறையிலிருந்து எடுத்து இரண்டு மூன்று வாரம் வைத்திருங்கள். ஈரம் போனபின் பூஞ்சணம் உலர்ந்த தூளாகிவிடும், அப்போதுதான் அதைத் துடைத்தெடுக்க முடியும். அந்த வேலையை வீட்டுக்குள் செய்யாமல் இஸ்தோப்பிலோ வெளியிலோ, மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொண்டு செய்யுங்கள், ஏனெனில் அந்தத் தூள் நெஞ்சுக்கு நல்லதல்ல, இழுப்பு நோய் உள்ளவர்கள் பக்கத்தில் இருக்கவே கூடாது.

கசெட்டின் கூட்டில் ஐந்து சிறு திருகாணிகள் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஏதாவது பாட்டுக் கசெட் ஒன்றை முதலில் திறந்து பழகிக்கொண்டு, பிறகு அப்பாவின் கசெட்டைத் தட்டையாக மேசையில் வைத்துத் திறவுங்கள். மேல் பாதியைத் தூக்கியவுடன், எதையும் தொடுவதற்கு முன், கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். இரண்டு வழுக்குத் தாள்கள், மூலைகளில் சிறு உருளைகள், நடுவில் ஒரு செப்புத் தகட்டில் ஒட்டிய கம்பளித் துண்டு ஆகியவை உள்ளே இருக்கும், அவை இருந்த இடம் மாறக் கூடாது. நாடாச் சுற்றின் பக்கங்களிலுள்ள தூளை மென்மையான புதுத் தூரிகையால் துடைத்தபின், சுற்றுகள் இரண்டையும் சேர்த்தெடுத்து, திருகாணி உள்ள வேறொரு நல்ல கசெட்டின் கூட்டுக்குள் வைத்து மூடுங்கள். திருகாணி இல்லாமல் ஒட்டி மூடிய கூடாக இருந்தால் அதை உடைத்துத்தான் திறக்க வேண்டும், அதைக் கைப்பழக்கம் உள்ள ஒருவரிடம் கொடுப்பதே சரி. பிறகு ஆறுபட்டைப் பென்சிலைச் சக்கரத்தின் நடுவில் நுழைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கையாலேயே மெதுவாகச் சுற்றுங்கள். நாடாவின் அகலம் 3.81 மில்லிமீற்றர்தான், கனமோ தலைமுடியைவிடக் குறைவு. எங்கேனும் இழுத்துப் பிடிப்பது போல் கைக்குத் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள், பலம் கொடுக்க வேண்டாம்.

இவ்வளவும் செய்தபின் போடும் முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிவுசெய்துவிட வேண்டும். 'ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு பதிவுசெய்யலாம்' என்று எண்ணாதீர்கள், சில நாடாக்கள் அந்த ஒரு தடவைதான் ஓடும். டெக்கின் பின்புறத்திலுள்ள 'லைன் அவுட்' துவாரத்திலிருந்து கணினியின் 'லைன் இன்' துவாரத்துக்கு வயர் கொடுங்கள். மைக் துவாரத்தில் கொடுத்தால் ஒலி கரகரக்கும். சிறிய ரெக்கார்டரில் பதிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே டெக்கில் டோல்பி சுவிட்ச் (நாடாவின் இரைச்சலைக் குறைக்கும் வசதி) இருந்தால் அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் தப்பு மேளத்தின் ஓசை மழுங்கிவிடும். கோப்பை 'வேவ்' (WAV) வடிவில் சேமியுங்கள். சாதாரண ஸ்டீரியோத் தரத்தில் ஒரு நிமிடத்துக்கு 10 மெகாபைட்டுக்குச் சற்று அதிகமாக இடம் பிடிக்கும், 90 நிமிடக் கசெட் ஒன்றுக்கு ஏறத்தாழ 950 மெகாபைட் வேண்டும். பிரதி ஒன்றை உங்களிடமும் மற்றொன்றை வேறு ஊரிலுள்ள உறவினரிடமும் வையுங்கள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் ஹெட்டைத் துடைக்க வேண்டும், அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் விறகு அடுப்பு இருக்கும் பக்கத்து அறையில்தான் டெக் இருக்கிறது. சில மாதங்களாக எல்லாக் கசெட்டும் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல் கேட்கிறது. கை கழுவும் சனிட்டைசரால் ஹெட்டைத் துடைத்தேன், பயனில்லை. ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு திருகாணி இருக்கிறது, அதைத் திருப்பினால் சரியாகுமென்று நண்பர் சொல்கிறார். (வாசகர், ஹட்டன்)

பதில்: அந்தத் திருகாணியைத் தொட வேண்டாம். ஹெட்டின் இடைவெளி நாடாவுக்குச் செங்குத்தாக நிற்கும் கோணத்தை அது தீர்மானிக்கிறது. தொழிற்சாலையில் அளந்து பொருத்தி, பெரும்பாலும் ஒரு துளி வர்ணத்தால் பூட்டியிருப்பார்கள். எல்லாக் கசெட்டும் ஒரே மாதிரி மழுங்கிக் கேட்பதானால் முதலில் அழுக்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். நாடா ஒரு விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஹெட்டை உரசிக்கொண்டு போகிறது, அப்போது உதிரும் பழுப்புத் துகளோடு விறகுப் புகையின் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டாகி, உச்சமான ஓசைகளை முதலில் தின்றுவிடுகிறது. சனிட்டைசரில் தோலை மென்மையாக்கக் கிளிசரின் போன்றவை கலந்திருக்கும், அதனால் நீங்கள் துடைத்தது அழுக்கின் மேல் இன்னொரு படலம் பூசியது போலாகிவிட்டது. வாசனைத் திரவியமும் அப்படியே.

பார்மசியிலோ இலத்திரனியல் பொருட்கள் விற்கும் கடையிலோ ஐசோபுரோப்பைல் அல்ககோல் கேளுங்கள், 99 சதவீதம் கிடைத்தால் மிக நல்லது. 70 சதவீதத்தில் மீதி பெரும்பாலும் தண்ணீர், அது காயத் தாமதமாகும். டெக்கின் பிளக்கைக் கழற்றிவிட்டு, பஞ்சுக் குச்சியை அல்ககோலில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, ஹெட்டின் முகத்தையும், ரப்பர் உருளையோடு சேர்ந்து நாடாவை இழுக்கும் மெல்லிய எஃகுத் தண்டையும் பஞ்சில் பழுப்பு நிறம் ஏறுவது நிற்கும் வரை துடையுங்கள். ரப்பர் உருளைக்கு அல்ககோல் அதிகம் வேண்டாம். ஈரமான பஞ்சில் துளி சோப்புக் கரைசல் தொட்டுத் துடைத்து, பிறகு வெறும் தண்ணீர்ப் பஞ்சால் ஒற்றியெடுத்தால் போதும். அல்ககோல் தீப்பற்றும், ஆகவே அடுப்பு எரியும்போது அந்த வேலையைச் செய்யவே வேண்டாம். பத்து நிமிடம் காயவிட்டுக் கசெட்டைப் போடுங்கள். புகை வரும் வீட்டில் பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை துடைப்பது நல்ல பழக்கம். முடியுமானால் டெக்கை வேறு அறைக்கு மாற்றுங்கள், அதைவிட நல்ல மருந்து இதற்கு இல்லை.

ஹெட்டில் சேரும் காந்தத்தை நீக்கும் கருவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டெக்கின் மின்சாரத்தை நிறுத்தி, கசெட்டுகளை அந்த அறையிலிருந்தே அகற்றி, கருவியை ஒரு மீற்றர் தூரத்தில் வைத்து ஓன் செய்து, மெதுவாக அருகே கொண்டுவந்து, அதே மெதுவில் விலக்கியபின்தான் அணைக்க வேண்டும். ஹெட்டுக்கு அருகிலேயே அணைத்தால் இருந்ததைவிட அதிகக் காந்தம் தங்கிவிடும்.

கேள்வி: சவூதியில் வேலை செய்த அண்ணன் பல வருடங்களுக்கு முன் கொண்டுவந்த டெக் இது. இங்குள்ள துவாரத்துக்கு அதன் பிளக் பொருந்தாததால், பிளக்கை வெட்டிவிட்டு வயர் நுனிகளைத் துவாரத்தில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்கியிருக்கிறோம். அரை மணி நேரத்தில் சூடாகி, ஒரு வாடை வருகிறது. (வாசகர், அப்புத்தளை)

பதில்: இதை வாசித்தவுடன் போய் அந்த வயரை எடுத்துவிடுங்கள், ஆனால் மெயின் சுவிட்சை அணைத்தபின். தீக்குச்சி இறுக்கிய வயரில் தொடர்பு விட்டு விட்டு உண்டாகித் தீப்பொறி பறக்கும். குழந்தை ஒன்று இழுத்தால் மின்சாரம் பாயும் கம்பி வெளியே வந்துவிடும். பழைய வயரிங் உள்ள லயன்களில் ஒரு காம்பராவில் பிடிக்கும் தீ ஒரு காம்பராவோடு நிற்பதில்லை. நம் நாட்டுத் தரத்துக்கு ஏற்ற, பியூஸ் உள்ள பிளக்கை வாங்கிப் பொருத்துங்கள். டெக்கின் பின்னால் சதுரத்துக்குள் சதுரம் போன்ற குறி இருந்தால் அது இரட்டைக் காப்புள்ளது, இரண்டு வயரே போதும்.

சூட்டுக்கும் வாடைக்கும் வேறு காரணமும் இருக்கலாம். சவூதியில் முன்பு 127 வோல்ட்டும் 220 வோல்ட்டும் வழக்கில் இருந்தன, அதனால் அங்கு விற்ற டெக்குகள் பலவற்றின் பின்புறத்தில் வோல்ட்டைத் தெரிவுசெய்யும் சுவிட்ச் உண்டு. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். பிளக்கைக் கழற்றிய நிலையில் அந்தச் சுவிட்ச் 220–240 என்ற இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். சுவிட்சே இல்லாமல் 100 அல்லது 120 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால், மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்போமர் இல்லாமல் அதை இணைக்கவே கூடாது. உள்ளே பியூஸ் போயிருந்தால் அதே அளவுள்ள பியூஸைத்தான் போட வேண்டும். சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிப் போடும் வழக்கத்தை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன், அது டிரான்ஸ்போமரை எரியவிடும் வழி. வாடை வந்த டெக்கை ஒரு திருத்துநர் பார்க்கும்வரை மீண்டும் போட வேண்டாம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி இடிக்கத் தொடங்கினால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் கழற்றுங்கள்.

கேள்வி: காலையில் போடும் முதல் கசெட்டை மட்டும் டெக் மென்றுவிடுகிறது. மதியத்தில் அதே கசெட் ஒழுங்காக ஓடுகிறது. (வாசகர், நுவரெலியா)

பதில்: கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், விடியற்காலையில் உங்கள் டெக்கின் உலோகப் பாகங்கள் வீட்டுக் காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். அடுப்பு மூட்டித் தேநீர்த் தண்ணீர் கொதித்ததும் அந்த வெதுவெதுப்பான ஈரக் காற்று குளிர்ந்த எஃகுத் தண்டின்மேல் பட்டு நீர்ப் படலமாகிறது, நாடா அதில் ஒட்டிக்கொண்டு சுற்றிக்கொள்கிறது. பல வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் விடியலில், மழையில் எடுத்துவந்த கசெட் ஒன்றை நானும் பொறுக்க முடியாமல் உடனே போட்டேன். ஒரு சாண் நாடா கசங்கியது, அந்த இடத்தில் இன்றும் குரல் அமுங்கித்தான் வருகிறது. கசெட் போடாமல் டெக்கை மட்டும் அரை மணி நேரம் ஓன் செய்து வைத்திருந்தால், அதன் சொந்தச் சூட்டிலேயே ஈரம் விலகும். குளிர்ந்த சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், காற்றோட்டத் துளைகளைத் துணியால் மூடாதீர்கள்.

அப்படியும் மென்றால், நாடாவைச் சுருட்டியெடுக்கும் வலப்பக்கச் சக்கரம் விட்டு விட்டுச் சுழல்கிறதா என்று கவனியுங்கள். உள்ளிருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கலாம், பழைய பெல்ட்டுகள் தார் போல் உருகியும் விடும். சரியான அளவுப் பெல்ட்டைத்தான் போட வேண்டும், மரக்கறி கட்டும் ரப்பர் வளையம் வேகத்தைக் கெடுக்கும். சிக்கிய நாடாவை வெட்டி இழுக்காமல், மின்சாரத்தை நிறுத்தி, ரப்பர் உருளையை விரலால் விலக்கி, சுற்றிக்கொண்ட திசைக்கு எதிராகத் தளர்த்தியெடுங்கள். 120 நிமிடக் கசெட்டுகளின் நாடா மிக மெல்லியது, பழைய டெக்கில் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

கேள்வி: தாத்தா பேசிய கசெட்டின் மேல் பிள்ளைகள் தவறுதலாகப் பாட்டைப் பதிந்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. (வாசகி, மஸ்கெலியா)

பதில்: அம்மா, கசெட்டின் முதுகில் இரண்டு மூலைகளிலும் சிறு பிளாஸ்டிக் தாழ்கள் இருக்கும். காக்க வேண்டிய பக்கம் உங்களை நோக்கியிருக்க, இடப்பக்கத் தாழை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் டெக் பதிவுசெய்யாது. இரண்டு பக்கத்துக்கும் இரண்டையும் உடைத்துவிடுங்கள். கசெட்டை உறைக்குள் போட்டு, நிமிர்த்தி, ஸ்பீக்கரிலிருந்து விலக்கி வையுங்கள். உறையிலுள்ள தாளில் தாத்தாவின் பெயரையும், எந்தத் தோட்டம், எந்த வருடம், யாரோடு பேசுகிறார் என்பதையும் இன்றைக்கே எழுதிவிடுங்கள், அந்தக் குரல்களை அடையாளம் சொல்லக்கூடியவர் நீங்கள்தான்.