காபி பறிப்புக்கு முன் முழங்காலுக்கு ஊசியா, பயிற்சியா?

கேள்வி: ஏற்காடு பக்கம் நாகலூரிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு, எஸ்டேட் வேலை. இரண்டு வருடமாக வலது முழங்காலில் வலி. சேலத்தில் எக்ஸ்ரே பார்த்து ‘தேய்மானம்’ என்றார்கள். மேடு ஏறும்போது சமாளித்துவிடுகிறார், இறங்கும்போதுதான் உயிர் போகிறது என்கிறார். மார்கழி, தை பழம் பறிப்பை ஒரு ஊசி போட்டு ஓட்டிவிடலாமா? பத்து நாள் பிசியோவுக்குப் போய்க் கரண்ட் வைத்தும் பலனில்லை.

பதில்: மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில நாளில் வலியைக் குறைக்கும். ஆனால் அந்த நிம்மதி பெரும்பாலும் சில வாரங்கள்தான், நீடித்தால் பத்து வாரம். பறிப்போ மாதக்கணக்கில் நடக்கும். இப்போது புரட்டாசி. இன்றே போட்டுக்கொண்டால் மார்கழியில் அதன் வேகம் அடங்கியிருக்கும். பயிற்சி செய்து தசை பலப்பட ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். அதற்குத் தேவையான நாள் உங்களிடம் இருக்கிறது.

இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு 2020-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. அமெரிக்க ராணுவ மருத்துவத் துறையில் 156 பேர். ஒரு பாதிக்கு ஸ்டீராய்டு ஊசி, மறு பாதிக்குப் பிசியோதெரபி. வலி, இறுக்கம், அன்றாட நடமாட்டம் மூன்றையும் சேர்த்து 240-க்குக் கணக்கிடும் அளவுகோலில் இரு தரப்பும் 108 வாக்கில் தொடங்கினார்கள். ஒரு வருடம் கழித்து ஊசிக்காரர்கள் 55.8, பிசியோ தரப்பு 37. எண் குறைந்தால் நல்லது. ஊசியிலும் பலன் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பிசியோ தரப்புக்குத் தெரபிஸ்ட் கையால் மூட்டை அசைத்துக் கொடுத்ததும் அதில் சேர்ந்திருந்தது.

கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். படுக்க வைத்து கரண்ட் வைப்பது அந்த நேரத்துக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும், தொடைத் தசையை வலுப்படுத்தாது. அதைச் செய்துவிட்டு ‘பிசியோ பலிக்கவில்லை’ என்பது நியாயமில்லை. சரிவில் இறங்கும்போது முன்தொடைத் தசைதான் பிரேக். அது தளர்ந்திருந்தால் ஒவ்வொரு அடியும் முழங்கால் சில்லுக்கு அடியில் இடிக்கும். அம்மாவுக்கு இறக்கத்தில் வலிப்பது அதனால்தான். பிரேக்கைத்தான் சரிசெய்ய வேண்டும்.

தினமும் செய்ய ஒன்று: காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைத் தரையோடு அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். பத்து முறை, காலை மாலை. ஏற்காட்டுக் குளிரில் காலையில் மூட்டு விறைத்திருக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டுத் தொடங்கட்டும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் செய்ய இரண்டு. முதலாவது, சுவரோடு போட்ட கைப்பிடியில்லாத நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. கை ஊன்றாமல், எழ ஒரு விநாடி, உட்கார மூன்று விநாடி. எட்டு முறை, ஒரு நிமிட ஓய்வு, இப்படி மூன்று சுற்று. முடியாவிட்டால் இருக்கையில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள், பழகியதும் எடுத்துவிடுங்கள். இரண்டாவதுதான் சரிவுக்கு நேரடி மருந்து. நான்கு அங்குலத்துக்கு மேல் உயரமில்லாத, ஆடாத படியில் வலிக்கிற காலால் நின்று, சுவரைத் தொட்டுக்கொண்டு, மற்றக் காலின் குதிகாலை மூன்று எண்ணித் தரைக்கு இறக்கி, தொட்டதும் மேலே வர வேண்டும். ஆறு முறையில் தொடங்கிப் பத்துக்குப் போகலாம். எதிரே நின்று முட்டியைக் கவனியுங்கள். அது கால் பெருவிரலைத் தாண்டி உள்பக்கம் சாய்ந்தால் படி உயரம் அதிகம் என்று அர்த்தம். மூச்சையும் அடக்கக் கூடாது, பிபி ஏறும்.

செய்யும்போது வலிக்கும். வலியைப் பத்துக்குக் கணக்கிட்டால் ஐந்து வரை ஏறி, மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். வராவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள். முதல் பத்து நாள் வலியில் பயந்து பயிற்சியைக் கைவிடுவதும், மூன்று மாதமும் அதே எட்டு முறையிலேயே நிற்பதும்தான் நாங்கள் அதிகம் பார்க்கிற தவறுகள். இன்னொன்று, இரவில் முட்டிக்கடியில் தலையணை வைத்துத் தூங்குவது. சுகமாக இருக்கும், நாளாவட்டத்தில் கால் முழுசாக நீளாமல் போய்விடும்.

ஊசி வேண்டவே வேண்டாமா? முட்டி நீர் கோத்து வீங்கி, பயிற்சியே செய்ய முடியாத வலி இருந்தால் ஒரு ஸ்டீராய்டு ஊசி நல்ல உதவி. வலி அடங்கும் அந்த இடைவெளியைப் பயிற்சிக்குப் பயன்படுத்த வேண்டும். வழக்கமாக்கக் கூடாது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று மாதத்துக்கு ஒன்றாக இரண்டு வருடம் ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு, வெறும் உப்புநீர் போட்டவர்களைவிட வலி குறைந்துவிடவில்லை. குருத்தெலும்புதான் கூடுதலாகத் தேய்ந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் போடும் முன்பே மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். போட்ட பிறகு ஒரு வாரம் வரை சர்க்கரை ஏறலாம், வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பாருங்கள், மாத்திரை அளவை நீங்களாகக் கூட்ட வேண்டாம். ஊசிக்குப் பின் வலி நாளுக்கு நாள் கூடி, முட்டி சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்; சீழ் பிடித்திருக்கலாம்.

ஜெல் ஊசி (மூட்டுக்கு வழவழப்புத் தரும் ஹையலூரோனிக் அமிலம்), பி.ஆர்.பி. ஊசி (நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த தட்டணுத் திரவம்) என்று பல ஆயிரம் ரூபாய்க்குச் சொல்வார்கள். ஜெல்லைக் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் 2022 வழிகாட்டுதல் சொல்கிறது. பி.ஆர்.பி.-யை ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் சோதித்ததில் ஒரு வருடத்தில் உப்புநீரைவிட வலியில் மேலாகத் தெரியவில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல செருப்பும் கைத்தடியும் வாங்குங்கள்.

தடி இடது கையில் இருக்கட்டும், வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கம். கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு வர வேண்டும். படி இறங்கும்போது தடியும் வலது காலும் முதலில். ஏறும்போது இடது கால் முதலில். தோட்டச் சரிவில் நேராக இறங்காமல் குறுக்காக வளைந்து இறங்கட்டும். பழ மூட்டையை ஒரே சுமையாகத் தூக்காமல் இரண்டு நடையாக்கச் சொல்லுங்கள். உடம்பு கனமாக இருந்தால், ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு நான்கு கிலோ அளவுக்குச் சுமை குறையும்.

பயிற்சியைச் சரிபார்க்க அடிக்கடி மலை இறங்க வேண்டியதில்லை. சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒருமுறை காட்டிக் கற்றுக்கொண்டு வாருங்கள். வீட்டுக்கு வரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் பிசியோதெரபி உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இன்றைக்கே ஒன்று செய்துவிடுங்கள். 30 விநாடியில் அம்மா கை ஊன்றாமல் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழுகிறார் என்று எண்ணிக் காலண்டரில் எழுதுங்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். இரண்டு மூன்று கூடியிருந்தால் அப்படியே பறிப்புக்குப் போகலாம். ஒழுங்காகச் செய்தும் கூடவில்லை, வீக்கமும் இருக்கிறது என்றால், ஊசியைப் பற்றி மருத்துவரிடம் கார்த்திகையில் பேசுங்கள்.