கறுப்பின எழுத்தாளர்களின் கதைகளை ஒலிநூலாகக் கேட்க ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?

அலெக்ஸ் ஹேலியின் 'ஏழு தலைமுறைகள்' படித்ததோடு சரி, அடிமை வரலாற்றைத் தாண்டி இவர்கள் துப்பறியும் கதை, அறிபுனை (அறிவியல் புனைகதை), பேய்க்கதை எல்லாம் எழுதுகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆங்கிலம் ஓரளவே பழகிய காதுக்கு ஒலிநூல் சரிப்படுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன். சரிப்படும். இந்த எழுத்தாளர்களின் புத்தகங்கள் சில அச்சில் படிப்பதைவிடக் கேட்பதற்குத்தான் எளிது.

ஸோரா நீல் ஹர்ஸ்டனின் 'தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்' (1937) நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளோரிடாவில் கறுப்பின மக்களே அமைத்து நிர்வகித்த ஈட்டன்வில் என்ற ஊரில் வளர்ந்தவர் ஹர்ஸ்டன், மானுடவியல் படித்தவர். ஊர்க்காரர்கள் எப்படிப் பேசினார்களோ அப்படியே எழுத்துக்கூட்டி உரையாடல்களை எழுதியிருக்கிறார். அச்சில் அந்த எழுத்துக்கூட்டலைப் பார்த்ததும் நம்மில் பலர் சில பக்கங்களிலேயே மூடி வைத்துவிடுவோம். நடிகை ரூபி டீயின் குரலில் கேட்டால் அந்தச் சிக்கலே இருக்காது. ஜேனி என்ற பெண் பின்வாசல் படியில் உட்கார்ந்து, தோழி ஃபீபியிடம் தன் மூன்று கல்யாணங்களின் கதையைச் சொல்வதுதான் நாவலின் அமைப்பு. அதாவது அது எழுதப்பட்டதே வாயால் சொல்லும் கதையாக. ஜேனியின் இரண்டாம் கணவர் ஜோ ஸ்டார்க்ஸின் கடை வாசலில் ஆட்கள் கூடி மாட் பானரின் எலும்பும் தோலுமான கோவேறு கழுதையைக் கிண்டலடிக்கும் பகுதி வரும்போது, ஒவ்வொருவர் பேச்சுக்கும் ரூபி டீ தனி இழுப்பு கொடுக்கிறார். கடைசிப் பகுதியில் வரும் புயலையும் வெள்ளத்தையும் கேட்கும்போது நான் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இந்த ஹர்ஸ்டன் 1960இல் வறுமையில் இறந்தார். கல்லறையில் பெயர்க்கல்கூட இல்லை. 1973இல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் தேடிப்போய்க் கண்டுபிடித்து ஒரு கல் நட்டார். இன்று அவருடைய நாவலைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்க முடிகிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அதனால் நான் சொல்லும் வழி இதுதான்: எழுத்தாளர் பெயரோடு வாசிப்பவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு குரல் பிடித்துவிட்டால் அது உங்களை ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்குத் தானாகக் கூட்டிப் போகும். எனக்கு அப்படி அமைந்த குரல் ராபின் மைல்ஸ். அவர் வாசித்த என்.கே. ஜெமிசினின் 'த ஃபிஃப்த் சீசன்' கேட்டேன். நிலம் அடிக்கடி பிளந்து உலகமே அழியும் ஒரு கண்டம், நிலநடுக்கத்தை அடக்கவும் கிளப்பவும் முடிந்த மனிதர்கள், அவர்களைப் பயந்து வெறுக்கும் ஊர்கள். மகனைப் பறிகொடுத்த தாயின் பகுதி முழுக்க 'நீ', 'நீ' என்று முன்னிலையில் வரும். அச்சில் விநோதமாகத் தெரியும் அந்த நடை, குரலில் வரும்போது யாரோ நம்மிடமே பேசுவதாகிவிடுகிறது. இந்த மூன்று பாக வரிசை 2016, 2017, 2018 என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் அறிபுனைக்கான ஹ்யூகோ விருது வாங்கியது. அதற்கு முன் யாருக்கும் அப்படி நடந்ததில்லை. அதே குரலைத் தேடிப் போனால் நெடி ஒகோராஃபரின் விண்வெளிக் கதையான 'பிந்தி' கிடைக்கும். அங்கிருந்து ஹர்ஸ்டனின் 'பாராகூன்'. அது புனைவு இல்லை; 1860இல் ஆப்பிரிக்காவிலிருந்து க்ளோடில்டா கப்பலில் அடிமையாகக் கடத்தி வரப்பட்ட கொசோலா என்ற முதியவரை ஹர்ஸ்டன் 1927இல் அலபாமாவில் சந்தித்துக் கேட்டு எழுதியது. கொசோலாவின் பேச்சு மொழியை மாற்றித் தரச் சொன்னார்கள் பதிப்பாளர்கள், ஹர்ஸ்டன் மறுத்தார். புத்தகம் 2018இல்தான் வெளிவந்தது.

முதல் புத்தகம் எது என்றால் தயங்காமல் ஆக்டேவியா பட்லரின் 'கின்ட்ரெட்' (1979) என்பேன். வாசிப்பவர் கிம் ஸ்டான்டன். 1976இல் லாஸ் ஏஞ்சல்ஸில் வாழும் டேனா என்ற கறுப்பினப் பெண் திடீரென்று அடிமை முறை நிலவிய பழைய காலத்து மேரிலாண்டுக்கு இழுக்கப்படுகிறாள். அங்கே ரூஃபஸ் என்ற வெள்ளைக்காரப் பையனுக்கு உயிராபத்து வரும்போதெல்லாம் அவள் போய்க் காப்பாற்ற வேண்டும், ஏனென்றால் அவன் அவளுடைய மூதாதை. அவன் செத்தால் இவள் பிறக்கவே மாட்டாள். எளிய ஆங்கிலம், 'நான்' என்று தன்மையில் சொல்லும் கதை, ஒரு கையை இழந்ததைச் சொல்லித்தான் முதல் வரியே தொடங்கும். காலப்பயணம் எப்படி நடக்கிறது என்று பட்லர் விளக்கவே இல்லை. அது தேவையும் இல்லை.

துப்பறியும் கதைக்கு வால்டர் மோஸ்லியின் 'டெவில் இன் எ ப்ளூ டிரெஸ்' (1990). 1948 லாஸ் ஏஞ்சல்ஸ். போரிலிருந்து திரும்பிய ஈஸி ராலின்ஸ் வேலையை இழந்து, வீட்டுக் கடன் தவணை கட்டுவதற்காக ஒரு பெண்ணைத் தேடித்தர ஒப்புக்கொள்கிறார். கறுப்பினத்தவர் ஒருவருக்குச் சொந்த வீடு என்றால் என்ன என்பதை இவ்வளவு ஆசையோடு எழுதிய வேறு குற்றக்கதையை நான் கண்டதில்லை. இதற்கு முன்னோடி செஸ்டர் ஹைம்ஸ். சிறையில் எழுதத் தொடங்கி, பாரிஸுக்குப் போய், அங்கே ஒரு பிரெஞ்சுப் பதிப்பாசிரியர் கேட்டதால் நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமை வைத்துப் போலீஸ் கதைகள் எழுதியவர். அவருடைய 'எ ரேஜ் இன் ஹார்லெம்' நடிகர் சாமுவேல் எல். ஜாக்சன் குரலில் கிடைக்கிறது. அதை இரண்டாவதாகக் கேளுங்கள், பேச்சு வேகம் அதிகம்.

பேய்க்கதை என்றால் டனனரீவ் டூ எழுதிய 'த ரிஃபார்மேட்டரி' (2023). 1950இல் ஃப்ளோரிடாவின் ஒரு சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்படும் ராபர்ட் என்ற பன்னிரண்டு வயதுப் பையன், அங்கே செத்துப்போன சிறுவர்களைப் பார்க்கிறான். டோசியர் பள்ளி என்ற நிஜ இடத்தை வைத்து எழுதியது. ஆசிரியரின் உறவினரான ராபர்ட் ஸ்டீவன்ஸ் 1937இல் அங்கேதான் இறந்தார். அவர் பெயரைத்தான் நாயகனுக்கு வைத்திருக்கிறார். அதனால் இரவில் தனியாகக் கேட்க வேண்டாம் என்று சொல்வேன். பேய்களைவிட அங்கிருக்கும் மனிதர்கள்தான் தூங்கவிட மாட்டார்கள். மனசு இலகுவாக வேண்டுமென்றால் ஜாஸ்மின் கிலரியின் காதல் கதை 'த வெட்டிங் டேட்' இருக்கிறது. லிஃப்டில் மாட்டிக்கொண்ட இருவர், அவ்வளவுதான், சந்தோஷமாக ஓடும்.

ஆப்பிரிக்கா பக்கம் போக நினைத்தால், சினுவா அச்செபியின் முதல் நாவலான 'திங்ஸ் ஃபால் அபார்ட்'டை என்.கே. மகாலிங்கம் மொழிபெயர்ப்பில் 'சிதைவுகள்' என்று தமிழில் படித்துவிட்டு, அப்புறம் ஆங்கிலத்தில் கேளுங்கள். கதை தெரிந்திருந்தால் காது நிம்மதியாகப் பின்தொடரும். டோனி மாரிசனின் நாவல்களுக்கும் நான் சொல்லும் யோசனை இதேதான். 'பிலவட்' உட்படப் பல நாவல்களை அவரே வாசித்திருக்கிறார். தாழ்ந்த குரல், அவசரமே இல்லாத நிறுத்தங்கள். ஆனால் காலம் முன்னும் பின்னும் தாவும் நாவல் அது. முதல் இரண்டு அத்தியாயங்களைப் புத்தகத்தில் படித்துவிட்டுக் கேட்கத் தொடங்குங்கள்.

வாங்கும் முன் மாதிரித் துண்டைக் கேட்டுப் பாருங்கள். குரல் ஒட்டவில்லையென்றால் விட்டுவிடலாம். வேகத்தை 0.9க்குக் குறைப்பதில் தவறில்லை. பணம் செலவழிக்க இப்போது முடியாது என்றால் லிப்ரிவாக்ஸ் தளத்தில் காப்புரிமை முடிந்தவை இலவசம். தன்னார்வலர்கள் வாசிப்பதால் தரம் ஏறி இறங்கும். அங்கே டபிள்யூ.இ.பி. டு பாய்ஸின் 'டார்க்வாட்டர்' (1920) தொகுப்பைத் தேடி, அதில் 'த காமெட்' சிறுகதையை மட்டும் கேளுங்கள். வால்நட்சத்திரத்தின் நச்சுக்காற்றில் நியூயார்க்கே செத்துக்கிடக்க, ஒரு கறுப்பின ஊழியரும் ஒரு பணக்கார வெள்ளைக்காரப் பெண்ணும் மிஞ்சுகிறார்கள். நூறு வருடங்களுக்கு முன் எழுதிய அறிபுனை.