பழைய கடைசல் இயந்திரத்துக்கு அந்தக் காலத்து விளக்கு

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். 1950களில் செய்த வாட்கின் மரக்கடைசல் லேத் ஒன்று வாங்கினேன். அதில் இருந்த விளக்கை யாரோ கழற்றிவிட்டார்கள், அடித்தட்டு மட்டும் மிச்சம். அதே காலத்து விளக்கைத் தேடிப் பொருத்த ஆசை. எங்கே கிடைக்கும்? வீட்டு 230 வோல்ட்டில் நேராக இணைக்கலாமா?

பதில்: கிடைக்கும். ஆனால் ‘வாட்கின் விளக்கு’ என்று தேடினால் கைக்கு எதுவும் வராது. வாட்கின் 1897இல் உங்கள் ஊரிலேயே தொடங்கிய கம்பெனி. இயந்திரத்தை அவர்கள் வார்த்தார்கள். விளக்கை, அந்தக் காலத்துப் பெரும்பாலான இயந்திரக் கம்பெனிகளைப் போல, விளக்கு செய்பவர்களிடம் வாங்கிப் பூட்டினார்கள். மெக்-எலெக், ஈடிஎல், மெம்லைட், டக்டில்ஸ் ஆகிய பெயர்களைப் போட்டுத் தேடுங்கள். இரும்பு கடையும் லேத்திலும் மில்லிங் மெஷினிலும் நின்றது இதே வகை விளக்குதான். அதனால் மரவேலை இயந்திரங்களோடு நிறுத்தாமல், மூடப்படும் இரும்புப் பட்டறைகளின் ஏலத்தையும் பாருங்கள். அங்கே மற்ற சாமான்களோடு சேர்ந்து மலிவாகப் போகும்.

பழம்பொருள் கடையில் பளபளவென்று நிற்பதை எடுக்கும்முன் யோசியுங்கள். பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பை மெருகேற்றி, வரவேற்பறை அலங்காரமாக மாற்றியிருப்பார்கள். மூட்டுகளில் இருந்த உராய்வு வாஷர்களைப் பல நேரம் தொலைத்திருப்பார்கள். நான் சொல்வேன், அழுக்கோடும் கீறலோடும் இருக்கிற, மூட்டு இறுக்கமான விளக்கே மேல். வாங்கும்போது கையை முழுக்க நீட்டி ஷேடை விட்டுப் பாருங்கள், தொங்கிப்போகக் கூடாது. ஜார்ஜ் கார்வர்டைன் 1932இல் வடிவமைத்த ஆங்கிள்பாய்ஸ் அருமையான விளக்கு, ஆனால் ஸ்பிரிங்கில் நிற்கும் அதன் வீட்டு மாடல் லேத் அதிர்வில் ஆடிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு வேண்டியது உராய்வால் நிற்கும் மூட்டு.

இனி மின்சாரம். இங்கேதான் மிகவும் கவனம் வேண்டும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் பட்டறை விளக்குகளில் நிறைய 230 வோல்ட் விளக்குகளே அல்ல. தொழிலாளி ஈரக் கையோடும் எண்ணெய்க் கையோடும் தொடுவார் என்பதால், டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 50 அல்லது 25 வோல்ட்டில் எரித்தார்கள். வம்பு என்னவென்றால், ஹோல்டர் நம் ஊர் வீடுகளில் பார்த்துப் பழகிய அதே பின் வகை. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. உள்ளே மாட்டியிருக்கும் 50 வோல்ட் பல்பை 230இல் இணைத்தால் வெடித்துவிடும். ஆகவே பழைய ஒயரை அப்படியே பிளக்கில் மாட்டி ‘எரிகிறதா பார்ப்போம்’ என்று சோதிக்கவே வேண்டாம்.

லேத்தின் உள்ளே பழைய டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் இருந்தால் அதையும் ஓரமாக வையுங்கள். மூன்று ஃபேஸ் இயந்திரங்களில் அதற்கு மின்சாரம் இரண்டு ஃபேஸுக்கு இடையிலிருந்து, அதாவது 400 வோல்ட்டுக்கு மேல், எடுத்திருப்பார்கள். வீட்டில் ஒற்றை ஃபேஸ்தான் என்பதால் மோட்டாரை ஓட்ட நீங்கள் ஒரு இன்வெர்ட்டர் டிரைவ் (ஒற்றை ஃபேஸிலிருந்து மூன்று ஃபேஸ் உண்டாக்கும் கருவி) வைத்திருக்கக்கூடும். அதன் வெளியீட்டில் மோட்டாரைத் தவிர வேறெதையும் கோர்க்கக் கூடாது. டிரான்ஸ்ஃபார்மரும் புகையும், டிரைவும் போகும்.

என் யோசனை இதுதான்: விளக்கின் உடம்பைக் காப்பாற்றுங்கள், மின்சாரத்தை முழுக்கப் புதிதாக்குங்கள். தரமான 24 வோல்ட் டிசி சப்ளை ஒன்று, 24 வோல்ட் எல்இடி பல்பு ஒன்று. 6 வாட் பல்பு கால் ஆம்பியர்தான் இழுக்கும், மெல்லிய இரண்டு கம்பி ஒயர் போதும், குறுகலான குழாய்க்குள் சிரமமின்றி நுழையும். சப்ளையைத் தூள் புகாத பெட்டியில் வைத்து, வெளியீட்டில் ஒரு ஃபியூஸ் போடுங்கள். மோட்டார் சுவிட்சுக்கும் இதற்கும் தொடர்பு வேண்டாம். லேத்தை நிறுத்தும்போது வெளிச்சமும் போய்விட்டால், இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் மரம் கண்ணுக்குத் தெரியாது. ஹோல்டர் அருகில் ‘24 வோல்ட் மட்டும்’ என்று ஒரு சீட்டும் ஒட்டிவிடுங்கள்.

டிசி என்று நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மலிவான எல்இடி நொடிக்கு 100 முறை மினுக்கும். உங்கள் லேத் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடினால் நொடிக்கு 25 சுற்று. மரத்தைப் பிடித்துச் சுற்றும் சக் நான்கு தாடை உள்ளது என்றால், நொடிக்கு 100 முறை ஒரு தாடை அதே இடத்துக்கு வருகிறது. மினுக்கும் வெளிச்சத்தில் சக் நின்றுவிட்டது போலத் தெரியும். கையை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பழைய இழை பல்பு சூட்டைத் தக்கவைத்துக்கொள்வதால் இந்த மாயம் அதில் குறைவு. சீரான டிசியில் எரியும் எல்இடியிலும் அப்படித்தான், உள்ளே மங்கலாக்கும் சர்க்யூட் இல்லாத பல்பாக வாங்கினால் சரி.

இல்லை, 230தான் வேண்டும் என்றால், மூன்று கம்பி ஒயர் போட்டு, எர்த்தை ஷேடின் உலோகம் வரை கொண்டுபோய் இறுக்குங்கள். அடித்தட்டில் மட்டும் எர்த் கொடுத்தால் போதாது, மூட்டுகளில் இருக்கும் பெயின்ட்டும் வாஷரும் தொடர்பைத் துண்டித்துவிடும். வேலை முடிந்ததும் எலெக்ட்ரீசியன் ஒருவர் எர்த் தொடர்பையும் இன்சுலேஷனையும் சோதித்துத் தரட்டும்.

பிரிக்கும்முன் ஹோல்டர் பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒயரைச் சுற்றி வெள்ளையாகவோ சாம்பலாகவோ பஞ்சு போல உறை இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். பிரிட்டனில் அதற்கு முழுத் தடை 1999இல்தான் வந்தது. இழுக்காதீர்கள், ஊதாதீர்கள். பாலித்தீன் பையில் கட்டி வைத்து, கவுன்சிலிடம் கேட்டு அப்புறப்படுத்துங்கள், வேறு விளக்கு தேடலாம். பெயின்ட்டிலும் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, ஆகவே உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்க வேண்டாம். சோப்புத் தண்ணீரில் துடைத்து, மேலே மெழுகு பூசினாலே அழகாக இருக்கும்.

துருப்பிடித்த போல்ட்டுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள். விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு ஸ்பேனர் தேவைப்படும், மெட்ரிக் ஸ்பேனர் நட்டின் முனைகளை மழுக்கிவிடும். கழற்றியபின் உராய்வுத் தட்டுகளில் எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் ஸ்பிரிட்டால் துடையுங்கள். மூட்டுக்கு எண்ணெய் விட்டால் விளக்கு தலை சாய்ந்துகொண்டே இருக்கும். தேய்ந்த வாஷருக்குப் பதில் புது ஃபைபர் வாஷர் போடுங்கள். ஹோல்டர் மாற்றுவதாக இருந்தால் மரையை அளந்துகொள்ளுங்கள்: பழைய பிரிட்டிஷ் ஹோல்டர்களில் அரை அங்குலம், அங்குலத்துக்கு 26 மரை என்பது வழக்கம். ஐரோப்பிய 10 மில்லிமீட்டர் ஹோல்டர் அதில் ஏறாது. ஒயர் ஒவ்வொரு மூட்டையும் கடக்கும் இடத்தில் சிறிது தளர்வு விடுங்கள், குழாய் வாயில் ரப்பர் வளையம் போடுங்கள்.

பொருத்தும்போது ஷேட் எந்த நிலையிலும் சக் மேலோ சுற்றும் மரத்தின் மேலோ பட முடியாதபடி கையின் நீளத்தைப் பாருங்கள். வெளிச்சம் நேர் மேலிருந்து வர வேண்டாம். பக்கத்திலிருந்து தாழ்வாக, மரத்தின் மேல் சாய்வாக விழட்டும். உளி கிழித்த நாரும் விட்டுப்போன வரியும் அப்போதுதான் நிழல் போட்டுத் தெரியும், அடுத்த வெட்டை எங்கே எடுப்பது என்று புரியும்.