வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ் என்றால் சிபிலிஸ்தானா?

கேள்வி: எனக்கு வயது 27. நான்கு மாதக் கர்ப்பம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வி.டி.ஆர்.எல். ‘ரியாக்டிவ் 1:4’ என்று வந்தது. அடுத்து எடுத்த டி.பி.எச்.ஏ. நெகட்டிவ். கணவருக்கு இரண்டுமே நெகட்டிவ். ஆனாலும் மாமியார் வீட்டில் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். இதற்கு முன் இரண்டு முறை மூன்றாம் மாதத்தில் கரு கலைந்திருக்கிறது. எனக்கு சிபிலிஸ் இருக்கிறதா?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் முடிவுகளைப் பார்த்தால், பாலுறவு வழியாகப் பரவும் சிபிலிஸ் நோய் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இந்தப் பதிலை வீட்டில் தாராளமாகக் காட்டுங்கள். ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளை வைத்துக்கொண்டு கர்ப்பிணிப் பெண்ணின் நடத்தையை எடைபோடுவது கொடுமை, மருத்துவப்படியும் தவறு.

வி.டி.ஆர்.எல். சோதனை சிபிலிஸ் கிருமியை நேரடியாகத் தேடுவதில்லை. கார்டியோலிப்பின் என்ற கொழுப்புப் பொருளுக்கு எதிரான ஆன்டிபாடி (உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதம்) ரத்தத்தில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. 1906-இல் ஜெர்மன் மருத்துவர் வாசர்மன் குழுவினர் இவ்வகைச் சோதனையை உருவாக்கியபோது, சிபிலிஸ் பாதித்த சிசுவின் கல்லீரல் சாற்றைப் பயன்படுத்தினார்கள். ஆரோக்கியமான மாட்டின் இதயச் சாறும் அதே வேலையைச் செய்கிறது என்பது பிறகு தெரியவந்தது. அந்தச் சாற்றிலிருந்து 1941-இல் மேரி பாங்போர்ன் என்ற ஆய்வாளர் பிரித்தெடுத்ததே கார்டியோலிப்பின். அது நம் உடல் செல்களுக்குள்ளும் இருக்கிறது. சிபிலிஸ் செல்களைச் சிதைக்கும்போது கார்டியோலிப்பினுக்கு எதிராக ஆன்டிபாடி உருவாகிறது. மலேரியா, தொழுநோய், சில வைரஸ் காய்ச்சல்கள், உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் போன்ற நோய்களிலும் அப்படி உருவாகலாம். சில நேரம் கர்ப்பம் மட்டுமே காரணமாக இருக்கும். ரத்தத்தை எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் பாசிட்டிவ் வருகிறது என்பதைத்தான் 1:4 போன்ற எண் காட்டுகிறது; இத்தகைய பொய்யான பாசிட்டிவ் பெரும்பாலும் 1:8-ஐத் தாண்டாது.

டி.பி.எச்.ஏ. சோதனை சிபிலிஸ் கிருமிக்கே உரிய ஆன்டிபாடியைத் தேடுவது. அது நெகட்டிவ் என்பதுதான் இங்கே முக்கியமான சான்று. தொற்று மிகவும் புதிதாக இருந்தால் மட்டும் அது பிடிபடாமல் போகலாம். ஆகவே, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் இரு சோதனைகளையும் மறுபடி எடுத்துவிடுங்கள். அப்போதும் டி.பி.எச்.ஏ. நெகட்டிவ் என்றால் சிபிலிஸ் பேச்சை விட்டுவிடலாம்.

ஆனால், ‘பொய்யான பாசிட்டிவ்தானே’ என்று தாளை மூடிவைத்துவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த இரண்டு கருச்சிதைவுகள். ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் என்றொரு நோய் உண்டு. அதில் கார்டியோலிப்பின் போன்றவற்றுக்கு எதிரான ஆன்டிபாடிகள் ரத்தத்தை எளிதில் உறையச் செய்யும்; நஞ்சுக்கொடியைப் பாதித்துக் கருவையும் கலைக்கும். வி.டி.ஆர்.எல். பொய்யாகப் பாசிட்டிவ் ஆவதற்கு அதுவும் ஒரு காரணம். உங்களுக்கு அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும் என்கிறேன்.

மகப்பேறு மருத்துவரிடம் பழைய கருச்சிதைவு விவரங்களோடு இந்தத் தாள்களையும் காட்டுங்கள். ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன், லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் ஆகிய மூன்று சோதனைகளைப் பற்றிக் கேளுங்கள். பாசிட்டிவ் வந்தால் 12 வாரம் கழித்து மறுபடி எடுத்துத்தான் நோயை உறுதிசெய்வார்கள். ஆனால், கர்ப்பம் அதுவரை காத்திருக்காது என்பதால், ரத்தம் உறைவதைத் தடுக்க, குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் முன்கூட்டியே தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார். நீங்களாக ஆஸ்பிரின் வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

இதற்கிடையே ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, ரத்தக்கசிவு தெரிந்தாலோ, அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.